மழைக்கு யு.சி. தெரியாது!

இந்தியாவில் ஆராய்ச்சி செய்ய என்ன வேண்டும்? மூளை வேண்டும், உழைப்பு வேண்டும், பொறுமை வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். நான் பி.காம். என்னைக் கேட்டால் முதலில் மூன்று கையெழுத்து வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர் கையெழுத்து, நிறுவனத் தலைவர் கையெழுத்து, கணக்கைப் பார்த்தவர் கையெழுத்து. இந்த மூன்றும் ஒரே தாளில், ஒரே மாதத்தில் சேர்வது குருவும் சனியும் ஒரே ராசியில் சேர்வதைவிட அபூர்வம்.

அந்தத் தாளுக்குப் பெயர் யுடிலைசேஷன் சர்டிபிகேட். தமிழில் பயனீட்டுச் சான்றிதழ். ஆபீஸில் செல்லமாக யு.சி. 'கொடுத்த பணத்தைக் கொடுத்த காரியத்துக்கே செலவு செய்தோம், இதில் எங்களுக்குத் திருப்தி' என்று சத்தியம் செய்து தருகிற காகிதம். போன வருஷத்து யு.சி. போகாவிட்டால் இந்த வருஷத்துப் பணம் வராது.

தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள் (இடம் கிடைத்தால்). கிளம்புகிற இடத்திலேயே சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடி வந்தது. அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். அங்கே 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அதற்கடுத்து குரோம்பேட்டை. அப்துல் கலாம் படித்த எம்.ஐ.டி. 1949-லிருந்து அங்கேதான் இருக்கிறது. கிண்டியில் இறங்கினால் அண்ணா பல்கலைக்கழகம், கொஞ்சம் தள்ளி ஐ.ஐ.டி. எதிர்த்திசையில் போனால் வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று பல்கலைக்கழகங்கள். பள்ளிக்கரணையில் கடலையே ஆராய்கிறார்கள். எங்கே இறங்கினாலும் சரி, மத்திய அரசு மான்யத்தில் யாராவது ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தால் அவர் மேஜையில் யு.சி. படிவம் ஒன்று இருக்கும்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் எழுதிப் பிழைக்கிறவன். எழுத்து சோறு போடாத மாதங்களில் (வருஷத்தில் சுமார் பதினொன்று) மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். புறநகரில் இருக்கிற ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் கணக்குகள் எங்களிடம் வரும். மார்ச் மாதம் பேராசிரியர்கள் ஃபைலைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வருவார்கள். பரீட்சை ஹாலுக்குள் வரும் பையன்களின் முகம் அவர்களுக்கு அப்போது வந்துவிடும்.

* * *

விஷயம் ரொம்ப எளிது. அம்மா ஐந்நூறு ரூபாய் கொடுத்து, 'முந்நூறுக்கு மளிகை, நூற்றைம்பதுக்குக் காய்கறி, ஐம்பது பஸ்ஸுக்கு' என்று அனுப்புகிறாள். காய்கறி மலிவாகக் கிடைத்தது. மிச்சத்தில் கால் கிலோ துவரம்பருப்பு சேர்த்து வாங்கி வருகிறீர்கள். அம்மா என்ன செய்வாள்? 'கெட்டிக்காரப் புள்ள' என்பாள்.

அரசாங்கம் அம்மா இல்லை. 'காய்கறித் தலைப்பில் மிச்சம், மளிகைத் தலைப்பில் மீறல். முன் அனுமதிக் கடிதம் எங்கே?' என்று கேட்கும். நீங்கள் போகிற வழியில் ஐந்நூறைப் பேங்கில் போட்டு வைத்து ஒரு ரூபாய் வட்டி வந்திருந்தால், அதையும் கொடு என்று கையை நீட்டும்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் என்று ஒரு புஸ்தகம். முதன்முதலில் 1947-ல் வந்தது. 1963, 2005, 2017 என்று மூன்று முறை திருத்தியிருக்கிறார்கள். மான்யம் வாங்கினவர்கள் எப்படிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று அதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் யு.சி. போக வேண்டும். 2005 பதிப்பில் அந்தப் படிவத்தின் எண் 19-ஏ. 2017-ல் அதையே 12-ஏ ஆக்கினார்கள். பழைய பேராசிரியர்கள் இன்றைக்கும் '19-ஏ ரெடியா?' என்பார்கள். புதிதாக வந்த ஆபீஸ் பையன், 'அது எந்த ஊருக்குப் போற பஸ் ஸார்?' என்று கேட்டான்.

மான்யத்துக்கு வந்த வட்டியை இந்தியத் தொகுப்பு நிதியில் கட்டிவிட வேண்டும் என்பது 2017 விதி. ஒரு திட்டத்துக்கு வருஷ வட்டி 43 ரூபாய் வந்தது. 'பாரத்கோஷ்' தளத்துக்குள் போய், துறையைத் தேடி, தலைப்பைத் தேடி, ஓ.டி.பி. வந்து, அது காலாவதியாகி, மறுபடி வந்து கட்டி முடிக்க ஒரு மத்தியானம். ரசீதுக்கு இரண்டு நகல், ஒரு கவரிங் லெட்டர், ஸ்பீட் போஸ்ட். கட்டின பணத்தைவிடக் கட்டின சேதியைச் சொல்ல ஆன செலவு அதிகம். ஆனாலும் அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது, பாரத தேசத்தை 43 ரூபாய் பணக்காரனாக்கிய திருப்தி இருந்தது.

அப்படியானால் பணத்தைச் சீக்கிரம் செலவழித்துவிடலாமே? அங்கேதான் மார்ச் வருகிறது. பல திட்டங்களில் இப்போதெல்லாம் பணம் கல்லூரியின் கணக்குக்கே வராது. ஜீரோ பேலன்ஸ் கணக்கு. இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று ஒரு வரம்பு மட்டும் வரும். மார்ச் 31 ராத்திரியோடு வரம்பு காலி, செல்போன் ரீசார்ஜ் வேலிடிட்டி மாதிரி. வரம்பு பிப்ரவரி கடைசியில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் பூராவும் ஒரு கண்ணாடிக் குடுவைக்குக் காத்திருந்த பேராசிரியர், முப்பது நாளில் மொத்தப் பணத்தையும் செலவழித்தாக வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் பட்டுப்புடவை எடுக்கிற அவசரம்!

வாங்குவதற்கும் வழி இருக்கிறது. 2016-ல் மத்திய அரசு 'ஜெம்' என்ற மின் சந்தையைத் தொடங்கியது. மேஜை, நாற்காலி, பேனா வாங்கப் பிரமாதமான இடம். ஆராய்ச்சிக்காரர் கேட்பதோ மேஜை நாற்காலி இல்லை. குறிப்பிட்ட கம்பெனியின் குறிப்பிட்ட ரசாயனம். அதே பெயரில் பத்து பேர் விற்பார்கள். குறைந்த விலை சொன்னவருக்குப் பெயர் எல்-1. எல்-1 கொடுப்பது எலிக்கு மருந்தாகுமா, எலி மருந்தாகுமா என்று வந்த பிறகுதான் தெரியும். விஞ்ஞானிகள் பல வருஷம் முறையிட்டார்கள். 2025 ஜூனில் மத்திய அரசு தளர்த்தியது. விஞ்ஞானத் துறைகளின் கீழ் வருகிற நிறுவனங்களில் கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் உச்சவரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. கமிட்டி வைத்து வாங்குவது 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. ஜெம்முக்கு வெளியே வாங்கவும் தலைவர்களுக்கு அதிகாரம் வந்தது. கேட்டால் கிடைக்கிறது. கொஞ்சம் லேட்டாக.

இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் தாம்பரத்துக்காரனிடம் ஜி.எஸ்.டி. என்று சொன்னால் அவனுக்கு முதலில் ஞாபகம் வருவது ரோடு. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. அதில் சிக்கினால் மீள முடியாது என்பது பரம்பரை அனுபவம். 2024-ல் ஆராய்ச்சி மான்யமே ஒரு 'சேவை'க்கான கட்டணம்தான், அதற்கு ஜி.எஸ்.டி. கட்டு என்று டில்லி ஐ.ஐ.டி. உட்படப் பல இடங்களுக்கு நோட்டீஸ் போனது. டில்லி ஐ.ஐ.டி.க்கு மட்டும் கேட்டது சுமார் 120 கோடி. அரசாங்கம் கொடுத்த பணத்துக்கு அரசாங்கமே வரி! நல்லவேளை, 2024 செப்டம்பர் 9-ம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் ஆராய்ச்சி மான்யங்களுக்கு விலக்கு தருவதாக முடிவு செய்தது. அந்த டிராபிக் ஒரு வழியாகக் கலைந்தது. எங்கள் ரோடுதான் அப்படியே இருக்கிறது.

* * *

இதுவரை சிரித்தாகிவிட்டது. இனி அந்தப் பையன் கதை.

நான் சொன்ன கல்லூரியில் ஒரு ஆராய்ச்சி மாணவன். திருவண்ணாமலைப் பக்கம். குரோம்பேட்டை ராதா நகரில் மூன்று பேரோடு ஒரு ரூம். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பக்கத்துப் பல்லாவரத்திலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். அந்தக் குரோமியம் நிலத்தடி நீரில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, மழைக்கு முன் எவ்வளவு, மழைக்குப் பின் எவ்வளவு என்பதுதான் அவன் ஆராய்ச்சி. கிணறு, போர்வெல் என்று நாற்பது இடம் குறித்து வைத்திருந்தான். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற, குளிக்கிற ஜனங்களுக்கு இதைவிட முக்கியமான ஆராய்ச்சி எனக்குத் தெரியவில்லை.

ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அதற்கு முன் 31,000. 'அட, நம்ம சம்பளத்தைவிட ஜாஸ்தியா இருக்கே!' என்று பெருமூச்சு விடாதீர்கள். பேப்பரில் 37,000. பையன் கைக்கு ஜூலையிலிருந்து வந்தது பூஜ்யம்.

ஆகஸ்டில் ரூம் வாடகைக்கு நண்பனிடம் கடன். செப்டம்பரில் ஊரில் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அக்டோபரில் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் சாப்பாடு டெலிவரி செய்ய வந்தவன், ஹெல்மெட்டைக் கழற்றினதும் அவன்தான்.

"என்ன தம்பி இது?"

"ராத்திரி எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஓட்டறேன் அண்ணா. வாடகை வந்துடுது. சாப்பாட்டுக்குக் கவலையில்ல, வாசனை பிடிச்சே வயிறு ரொம்பிடும்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "காசு பின்னால கூட வரும் அண்ணா. மழை ஆரம்பிச்சுடுச்சு. சாம்பிள் எடுக்கப் பாட்டில் வாங்கணும், ஆட்டோ வைக்கணும், டெஸ்டிங் சார்ஜ் கட்டணும். இந்த வடகிழக்குப் பருவமழைய விட்டா அடுத்த அக்டோபர்தான்" என்றான்.

மறுநாள் ஆபீஸில் ஆடிட்டர் ஸாரிடம் பொரிந்து தள்ளினேன். இந்த விதியெல்லாம் யாருக்காக ஸார்? தூக்கிக் குப்பையில் போட்டால் என்ன?

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "ஸ்டான்போர்டு கதை தெரியுமா?" என்றார்.

அமெரிக்காவில் ஆராய்ச்சி மான்யத்தோடு மேல்செலவு என்று ஒன்று கொடுப்பார்கள். கரண்ட், கட்டிடம், ஆபீஸ் நிர்வாகம் வகையறா. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு இது 100 டாலர் ஆராய்ச்சிக்கு 70 டாலர் அளவில் இருந்தது. கப்பற்படை சார்பில் அங்கே ஒப்பந்தங்களைப் பார்த்துவந்த பால் பிடில் என்ற அதிகாரிக்கு உறுத்தியது. கிளறினார். 1991 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி முன் குட்டு உடைந்தது. ஆராய்ச்சி மேல்செலவில் ஓர் உல்லாசப் படகின் தேய்மானம்! பல்கலைக்கழகத் தலைவர் வீட்டுக்குப் பூ! 1,200 டாலரில் ஓர் இத்தாலிய 'கமோடு'! (ஜனங்கள் அதைக் கழிப்பறைச் சாமான் என்று நினைத்துக் கொதித்தார்கள். உண்மையில் அது இழுப்பறை வைத்த அலங்கார அலமாரி. ஆராய்ச்சிக்கு இரண்டும் தேவையில்லைதான்.) தலைவர் டொனால்ட் கென்னடி அந்த ஜூலையிலேயே பதவி விலகுவதாக அறிவித்தார். நிர்வாகச் செலவுக்கு 26 சதவீத உச்சவரம்பு வந்தது. 1994-ல் பல்கலைக்கழகம் 12 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது. மோசடி என்று நிரூபணமாகவில்லை.

"கணக்கு கேக்க ஆளில்லேன்னா படகு வாங்கத் தோணும்ப்பா. நம்மாளு வாங்க மாட்டான்னு என்ன நிச்சயம்? அது உன் வரிப்பணம், என் வரிப்பணம்" என்றார் ஆடிட்டர்.

நியாயம்தான். ஆனால் எனக்கு ஸர் சி.வி. ராமன் ஞாபகம் வந்தார். ராமன் முதலில் யார் தெரியுமோ? கணக்கு அதிகாரி. 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல். பகலில் சர்க்கார் கணக்கு, மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. 1917-ல் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். 1930-ல் நோபல் பரிசு. அப்படிப்பட்டவர் 1948-ல் பெங்களூரில் சொந்தமாக ஆராய்ச்சிக் கழகம் நடத்தியபோது அரசாங்க மான்யத்தின் பக்கமே போகவில்லை. பணத்தோடு வரும் கயிறு அவருக்குப் பிடிக்கவில்லை. 1970-ல் அவர் காலமான பிறகு, 1972-ல்தான் அந்தக் கழகம் மத்திய அரசு உதவியை வாங்க ஆரம்பித்தது. பத்து வருஷம் கணக்கு ஆபீஸில் இருந்தவருக்கு அந்தக் கயிற்றின் நீளம் தெரிந்திருக்கும்!

ராமனுக்கு முடிந்தது. ராதா நகர் பையனுக்கு மான்யத்தை விட்டால் வேறு வழி?

* * *

ஆடிட்டர் ஸார் அன்றைக்கே ஃபைலை எடுத்துவரச் சொன்னார். மூன்று தடவை போன் செய்து, நேரில் ஆள் அனுப்பி, கல்லூரியிலிருந்து ஃபைல் எங்களிடம் வந்து சேர்ந்தது ஜனவரியில். நாற்பது நிமிஷத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய யு.சி.யில் கடைசி இருப்பு ஒரு தொகை. அடுத்த யு.சி.யில் ஆரம்ப இருப்பு வேறு தொகை. வித்தியாசம் 212 ரூபாய். செக் புத்தகம், எஸ்.எம்.எஸ். என்று பேங்க் பிடித்த சார்ஜ். மான்யத்தில் எந்தத் தலைப்பிலும் அதற்கு இடமில்லை, எனவே யாரும் எங்கும் எழுதவில்லை. மான்யம் தருகிற அலுவலகம் 'விளக்கம் தேவை' என்று ஜூனிலேயே கடிதம் போட்டிருந்தது. கடிதம் கல்லூரி ஆபீஸ் டிரேயில் இருந்தது. அந்த ஸீட்டில் இருந்தவருக்கு வேறு பிரிவுக்கு மாற்றல். புதிதாக வந்தவர் அதைத் திறந்து பார்த்தார், புரியவில்லை, தொட்டால் நம் தலையில் விழும் என்று அதே இடத்தில் வைத்துவிட்டார். மேலே தினசரித் தபால் சேர்ந்துகொண்டே போனது.

வைத்தியம் என்ன? 212 ரூபாயைக் கல்லூரி தன் சொந்தக் கணக்கிலிருந்து போட்டுவிட்டுத் திருத்திய யு.சி. அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இதை எந்த விதியும் தடுக்கவில்லை. பயந்தவர்களுக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஏழு மாதம். மாதம் 37,000 வீதம் 2,59,000 ரூபாய். நிறுத்தி வைத்தது 212 ரூபாய்.

இந்த இடத்தில் சென்னையில் நடந்த ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1913. சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா. பெயர் ராமானுஜன். அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தரலாமா என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேச்சு வந்தது. விதி என்ன சொன்னது? முதுகலைப் பட்டம் வேண்டும். ராமானுஜனிடம் இளங்கலையே கிடையாது. ஃபைலை மூட இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? அங்கே இருந்தவர்கள் மூடவில்லை. சட்டத்தின் முகப்புரையைப் புரட்டினார்கள். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் வேலை என்று அதில் இருந்தது. பிறகென்ன, மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு!

கவனியுங்கள், கணக்குக் கேட்காமலும் விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன செய்தாய் என்று அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. ராமானுஜன் மூன்று அறிக்கை கொடுத்துவிட்டு 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அந்த அறிக்கைகளைக் கணித மேதைகள் இன்றைக்கும் எடுத்துப் படிக்கிறார்கள். உலகத்திலேயே உயர்ந்த யு.சி. அதுவாகத்தான் இருக்கும்!

அந்தக் கூட்டத்தில் ஒருவர், ஒரே ஒருவர், 'எதுக்கு வம்பு, ரூல்ல இல்லையே' என்று காகிதத்தை டிரேயில் வைத்திருந்தால்? அவர் பெயரை யாரும் திட்டியிருக்கக்கூட மாட்டார்கள். என்ன போயிற்று என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் ஏதோ ஓர் ஆபீஸில் ஏதோ ஒரு ஸீட்டில் இருப்பவர்கள். உங்கள் டிரேயிலும் அடியில் ஒரு கடிதம் இருக்கும். அதை நீங்கள் எழுதவில்லை. அந்தத் தப்பும் உங்களுடையதில்லை. ஆனால் அதன் மறுமுனையில் யாரோ ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு தடவை அடியிலிருந்து எடுத்துப் பாருங்களேன்.

நம்ம பையனுக்கு மார்ச்சில் பாக்கி மொத்தமும் வந்துவிட்டது. அம்மாவின் தோடு திரும்பியது. எங்கள் ஆபீஸுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு வந்தது. (எந்தத் தலைப்பில் வாங்கினாய் என்று ஆடிட்டர் கேட்டார்.) நாற்பது கிணற்றின் மழைக்கு முந்தைய கணக்கு அவன் நோட்டில் பத்திரமாக இருக்கிறது. மழைக்குப் பிந்தைய பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அக்டோபரில் பெய்து, நவம்பரில் பெய்து, பூமிக்குள் போய்விட்ட தண்ணீருக்கு அரியர்ஸ் கிடையாது. அவன் தீஸிஸ் ஒரு வருஷம் தள்ளிப்போனது. குரோம்பேட்டைக்காரர்கள் அந்தத் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்வதும்தான்.

இப்போது அடுத்த மழைக்குக் காத்திருக்கிறான். பாட்டில், ஆட்டோ, டெஸ்டிங் சார்ஜ் எல்லாவற்றுக்கும் முன்னேற்பாடு செய்துவிட்டான். என் பங்குக்கு அவன் திட்டத்துக் கணக்கை மட்டும் மார்ச்சுக்காகக் காத்திருக்காமல் மாதாமாதம் டேலி செய்துகொண்டிருக்கிறேன். போன வாரம் பேங்க் மறுபடி எஸ்.எம்.எஸ். சார்ஜ் பிடித்தது. 17 ரூபாய் 70 காசு. அன்று மத்தியானமே கல்லூரிக்குப் போன் போட்டுவிட்டேன்.